வெளியேறும் பொத்தானும் நாற்காலித் துண்டும்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. சங்கரன்கோவிலில் நல்ல வெயில். ஆனாலும் மேற்கேயிருந்து காற்று ஓயவில்லை. ஜன்னல் கதவு இரண்டு முறை அறைந்த பிறகு எழுந்து கொக்கி போட்டேன். மெல்பர்னில் அப்போது மதியம் இரண்டு மணி, குளிர்காலம். விடுமுறைக்கு வந்து, மைத்துனன் கோமதிநாயகத்தின் வீட்டு மாடியில் உட்கார்ந்து அந்த ஊர்ச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மகளோடு மெல்பர்ன் போய் எட்டு வருஷமாகிறது. இங்கே கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தவன்; அங்கே பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறவன். வாடகைச் சட்டத்தில் ஆறு மாத ஆன்லைன் படிப்பை முடித்தால், குடியிருப்போர் உதவி மையத்தில் நம் ஆட்களுக்காக வாரம் ஒருநாள் உட்காரலாம். அந்த ஒரு நாற்காலிக்காகத்தான் எழுபத்தொரு வயதில் இந்தப் பாடு. மிச்சமிருந்தது ஒரே தேர்வு: பேச்சுவார்த்தைப் பயிற்சி.

கூரை ஒழுகும் ஒரு கற்பனை வீடு. நான் வீட்டுக்காரர் தரப்பு. ஹன்னா என்ற சக மாணவி குடியிருப்பவர் தரப்பு. திரையில் எங்கள் இருவருக்கும் தனியறை. எட்டு வார வாடகையைத் தள்ளச் சொன்னாள். நான் இரண்டு என்றேன். ஆறுக்கு இறங்கினாள். ஐந்துவரை விட்டுக்கொடுக்க எனக்கு அனுமதி உண்டு. "கட்டாது" என்று சொல்லிவிட்டு, வெளியேறும் பொத்தானை அழுத்தினேன்.

அப்பா இந்த ஊரில் வீடு வாங்கியபோதும் இப்படித்தான் எழுந்து போனார். துண்டை மட்டும் நாற்காலியிலேயே விட்டுவிட்டார். தெருமுக்குக்குப் போவதற்குள் வீட்டுக்காரரே துண்டோடு பின்னால் வந்து, "அண்ணாச்சி, துண்ட விட்டுட்டுப் போறியளே, வந்து ஒரு வா காப்பி குடிங்க" என்றார். காப்பி ஆறுவதற்குள் விலை முடிந்தது. கோர்ட் வராந்தாவிலும் எத்தனையோ வழக்கு அப்படி எழுந்துபோனவர்களைக் கூப்பிட்டு ராஜியானதுதான்.

கோமதிநாயகம் மாடிக்கு வந்தான். "என்ன அத்தான், அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

"இல்லடே. இப்பக் கூப்பிடுவா."

"கூப்பிடலன்னா?"

"நீ ஒன் பூக்கடையப் போய்ப் பாரு."

ஹன்னாவிடமிருந்து செய்திதான் வந்தது: உங்கள் முடிவை மதிக்கிறேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அடுத்து ஆசிரியரின் குறிப்பு: உடன்பாடு இல்லை, தேர்ச்சி இல்லை. நான் எங்கள் வழக்கத்தை விளக்கி எழுதினேன். போகிறவரைத் திரும்ப அழைப்பது அவரை நெருக்குவதாகும், ஹன்னா செய்தது மரியாதை என்று பதில் வந்தது. கட்டணம் கட்டினால் மறுபடி எழுதலாம்.

"மதிக்காளாம்லா!" கடையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்ட கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தப் பெட்டிக்குள்ள துண்டு போட எடம் இல்லாமப் போச்சே அத்தான்."

அடுத்த செவ்வாய் வேறொருவர் எதிரில். அவரும் ஆறில் நின்றார். கால் தானாக எழப் பார்த்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கூரையை எப்போது சரிசெய்வது என்று பேச ஆரம்பித்தேன். நாலரை வார வாடகைக்குப் பேச்சு முடிந்தது, தேறிவிட்டேன். வாழ்த்து சொன்ன முகங்கள் சட்டென்று மறைந்தன.

எழுந்து வாசல்வரை போனேன். தோள் வெறுமையாக இருந்தது. துண்டு நாற்காலியில் கிடந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானே திரும்பி வந்து எடுத்துக்கொண்டேன்.

மறுதேர்வுக் கட்டணம் நூற்றெண்பது டாலர். நம் பணத்தில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.