பிழை வராத வாரம்

என் அக்காவிடம் நல்ல செய்தி சொன்னால், "யார் சொன்னா?" என்றுதான் முதலில் கேட்பாள். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு ரத்த வங்கியின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், ரத்த வகை, கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கின்றன. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் எந்த மாற்றத்தையும் கோப்பில் எழுதி, இன்னொருவரிடம் காட்டி, சோதித்த பிறகே வெளியிடுவார்கள். தரவுத்தளத்தையும் அப்படித்தான் மாற்ற வேண்டும் என்பது அவள் கொண்டுவந்த ஒழுங்கு. முதலில் சோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உண்மையான தளத்தில் யாரும் நேராகக் கைவைக்கக் கூடாது.

"படிவத்துல ஒரு கட்டம் சேர்க்க ஒரு கல்யாணமே நடத்தணும் போல," என்பான் கூட வேலை செய்யும் மின்னல். எதையும் சட்டென்று முடித்துவிடுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

ரத்த வகையை நிரப்பாமல் விட்டால் பதிவு ஏறாது, பிழைச் செய்தி வரும். இதனால் பதிவு மேசையிலிருந்து தினமும் புகார் வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு வாரம் ஒரு புகாரும் இல்லை. மேலாளருக்கு ஏக மகிழ்ச்சி. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"எல்லாரும் ஒரே நாள்ல திருந்திட்டாங்களா?"

"புகார் வந்தாலும் புலம்புற, வராட்டியும் புலம்புற. சாப்பிடுடி," என்றாள் அம்மா.

மறுநாள் அந்தத் தளத்தை ரத்த வங்கியின் மற்றக் கிளைகளுக்கும் கொடுப்பதாக இருந்தது. காலையிலேயே போய் அதை நிறுத்தச் சொன்னாள் அக்கா.

"ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார் மேலாளர்.

"இல்ல சார். சந்தேகம்தான்."

"மதியம் வரைக்கும் பாருங்க. ஒண்ணும் கிடைக்கலைன்னா உங்க பொறுப்பை மின்னல்கிட்ட குடுத்துடுவேன்."

அக்கா எல்லா மாற்றக் கோப்புகளையும் வரிசையாக ஓட்டி, புதிதாக ஒரு காலித் தளம் கட்டினாள். பிறகு அதன் அமைப்பை உண்மையான தளத்தோடு ஒப்பிட்டாள். எந்தக் கோப்பிலும் இல்லாத ஒரு வரி உண்மையான தளத்தில் இருந்தது. ரத்த வகை காலியாக இருந்தால் 'ஓ பாசிட்டிவ்' என்று தானாக நிரப்பிக்கொள்ளும் வரி.

மின்னல் தலையைச் சொறிந்தான். "நிறைய பேருக்கு அதுதானே மேடம்? சார்தான் எப்படியாவது புகாரை நிறுத்துன்னாரு."

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார்.

"பல்லு வலிக்குதுன்னு வாயைத் தைச்சிருக்கீங்க," என்றாள் அக்கா.

ரத்தத்தை ஏற்றும் முன் மறுபடி சோதிப்பார்கள்தான். ஆனால் அவசரத்தில் தவறான ஆளை வரவழைத்து நேரம் போனால், அங்கே ஓர் உயிரும் போகலாம். அந்த வாரத்து 'ஓ பாசிட்டிவ்' பதிவுகளில் எது நிஜம், எது தானாக நிரம்பியது என்று தளத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஆகவே கிளைகளுக்குக் கொடுப்பது நின்றது. உண்மையான தளத்தை நேராகத் திருத்தும் அனுமதியை எல்லோரிடமிருந்தும் அக்கா நீக்கினாள்.

"என்னோடதுமா?" என்றார் மேலாளர்.

"உங்களோடதுதான் முதல்ல. அடுத்து என்னோடது."

பிறகு அவளும் மின்னலும் உட்கார்ந்து, அந்த வாரம் 'ஓ பாசிட்டிவ்' என்று பதிவான ஒவ்வொருவரையும் கைபேசியில் கூப்பிட்டு ரத்த வகையைக் கேட்டார்கள். மின்னல் வழக்கம்போல் முதலில் முடித்துவிட்டான். அவன் எழுந்து போனதும், அவன் பேசியவர்களில் சிலரை அக்கா மறுபடி கூப்பிட்டாள்.