ஸ்டெல்லா மேடம் கையெழுத்திடாத வரைபடம்

சென்ற வாரம் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் இருந்தபோது மஞ்சுநாத் அழைத்தார். தென்பெண்ணை ஓரத்துக் கிராவல் குவாரியில் பொக்லைன் ஓட்டுகிறவர். "சார், ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்க" என்றார். "எந்த சைட்டுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

சுரங்கங்களுக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் எங்கள் ஓசூர் அலுவலகத்தில் அவர் சூழலியல் பார்த்தார், நான் வரைபடம். அவருடைய பிடிவாதம் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் எதிரில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பது தெரியாது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குவாரியின் கிழக்கே கோரையும் சம்பும் மண்டி, தாழைக்கோழிகள் அடையும் சதுப்பு இருந்தது. அதைத் தோண்ட வேண்டுமானால் ஈடாக வேறொரு சதுப்பை முதலில் உருவாக்கித் தர வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. நிறுவனம் மேட்டில் ஒரு பள்ளம் வெட்டி, பிளாஸ்டிக் விரித்து, டேங்கர் தண்ணீரை நிரப்பியது. நான் அதை 'ஈரநிலம்' என்று வரைந்து கையெழுத்தும் போட்டேன். மேடம் மறுத்துவிட்டார்.

"பேப்பர்ல எல்லாம் கரெக்டா இருக்குதுங்களே மேடம்" என்றார் குவாரி மேனேஜர்.

"டேங்கர் நின்னா காஞ்சிரும் சார். இது தொட்டி."

அதோடு அவர் விடவில்லை. தோண்டி முடித்துக் கைவிட்ட பழைய குழி ஒன்று ஆற்றை ஒட்டிக் கிடந்தது. செங்குத்தான கரையில் எருமைகள் சறுக்கி விழும். அதில் அளவுகோல் நட்டு, கோடை முழுக்க வாரந்தோறும் போய்த் தண்ணீர் மட்டத்தைக் குறித்தார். குழி வற்றவேயில்லை. கரையைச் சரித்து ஆழத்தைக் குறைத்தால் கோரை தானாக வரும் என்று ஆய்வுக் கூட்டத்தில் சொன்னார்.

அரசு அதிகாரி என் வரைபடத்தை உயர்த்திக் காட்டி, "அப்ப இது யார் போட்டது?" என்று கேட்டார். நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"எங்க ஆபீஸ்து. தப்புதான், திருத்தித் தர்றோம்" என்றார் மேடம்.

வெளியே வந்ததும், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்கள நிக்க வெச்சா குழிக்கு என்னா பிரயோஜனம்? காலைல சைட்டுக்கு வந்துருங்க ராஜன், மட்டம் பாக்கணும்" என்றார். திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

பத்து நாள் வெயிலில் நின்று, கையைச் சாய்த்துக் காட்டிக் காட்டி, மஞ்சுநாத்தைக் கொண்டு கரையைச் சரித்தார். அடுத்த மழைக்குக் கோரை முளைத்தது. ஆனால் அது வளரும் வரை கிழக்குச் சதுப்பைத் தொடக்கூடாது என்று அவர் கேட்டது நடக்கவில்லை. அதற்குள் தோண்டிவிட்டார்கள். அன்று கடைசி லாரி போகும்வரை நின்று பார்த்தார். "நாம எதையும் காப்பாத்தல. ஒண்ணக் குடுத்து ஒண்ணு வாங்கியிருக்கோம். ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார். புதிய குளத்தைப் பாராட்டி யார் பேசினாலும் அவர் முகம் சுருங்கிவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருமுறை போனில் பேசினார். குரல் மெலிந்திருந்தது.

"கெழக்கால இருந்த தாழைக்கோழிங்க எங்க போச்சுங்க?"

"பழைய குழிக்கு வந்துருச்சு மேடம்."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"பாத்துட்டுச் சொல்லுங்க."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு சொற்கள்தான். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராகப் பழைய குழிக்குப் போனேன். அதன் பிறகு மூன்று முறை போய்விட்டேன். கொக்குகள் இருக்கின்றன, முக்குளிப்பான்கள் இருக்கின்றன. தாழைக்கோழியை இன்னும் பார்க்கவில்லை.