சண்முகத்தாய் போட்ட கரண்டு மோட்டார்

மல்லாங்கிணறு ஊருக்குக் கரண்டு வந்த வருஷம் சண்முகத்தாய்க்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கணவன் இறந்த பிறகு இரண்டு ஏக்கர் மிளகாயை அவள்தான் பார்த்து வந்தாள். கிணற்றில் டீசல் இன்ஜின் இருந்தது. அதன் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்ப அவளுக்குத் தெம்பு போதவில்லை. தினமும் கொழுந்தன் ஒச்சப்பன் வரவேண்டும். அவன் வருவதற்குள் வெயில் ஏறிச் செடி வாடிவிடும்.

பக்கத்துத் தோட்டத்தில் கரண்டு மோட்டார் போட்டிருந்தார்கள். அவள் அங்கும் இங்குமாக நாலு நாள் நடந்து விசாரித்துவிட்டு ஒச்சப்பனிடம் சொன்னாள்.

"ஒரு ஏக்கர் பாய்ச்ச டீசலுக்கு நாலு ரூவா ஆகுது. கரண்டுக்கு ரெண்டுதான்."

"மோட்டார் வாங்குற காசு என்ன கொஞ்சமா மதினி? இன்ஜின் நல்லாத்தான ஓடுது?"

"நீங்க வர்ற வரைக்கும் நான் காத்துக் கெடக்கேனே, அதை எந்தக் கணக்குல சேப்பீக?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இன்ஜினையும் தன் காதில் கிடந்த தங்கப் பாம்படத்தையும் விற்று அவள் மோட்டார் போட்டாள். முதல் நாள் காலையில் தானே பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. அரை மணி நேரத்தில் கரண்டு போய்விட்டது. மோட்டார் அறைக்கும் வயலுக்குமாக அலைந்தாள். உச்சிப்பொழுதில்தான் கரண்டு வந்தது. சாப்பிடாமல் கொள்ளாமல் சாயங்காலத்துக்குள் பாதி வயலைப் பாய்ச்சிவிட்டாள்.

வரப்போடு வந்த ஒச்சப்பன் நின்று பார்த்தான்.

"கரண்டுக்கு எம்புட்டு ஆச்சு மதினி?"

"பில்லு வரட்டும், சொல்லுதேன்," என்றபடி அடுத்த மடையை வெட்டினாள்.