ஐஸ் வளர்த்த சபியா

ஊரில் ஆடு வளர்ப்பவர்கள் உண்டு, கோழி வளர்ப்பவர்கள் உண்டு. சிவகாசியில் ஒரு சந்துக்குள் சபியா ஐஸ் வளர்த்தாள். கேட்டால் சிரிப்பு வரும். வரட்டும், முழுவதும் கேட்டபிறகும் சிரிக்க முடிகிறதா என்று பார்ப்போம்.

அவள் கணவர் முகம்மது நூகு அச்சாபீஸ்களில் விழும் கழிவுத் தாளை மொத்தமாக எடுத்து விற்றவர். வியாபாரம் நன்றாக ஓடிய ஒரு வருஷத்தில் ஒற்றைக் கதவு பிரிட்ஜ் ஒன்றை வாங்கிப் போட்டார். அந்தச் சந்துக்கே அதுதான் முதல் பிரிட்ஜ். அன்றிலிருந்து வாசல் கதவைச் சாத்த வழியில்லாமல் போயிற்று. எதிர்வீட்டுப் பொன்மணி ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மீனில் பாதியைக் கொண்டுவந்து வைப்பாள். சொர்ணலட்சுமி டீச்சர் தோசை மாவு வைப்பார். முருகம்மாள் வீட்டுப் பிள்ளைகள் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக் குச்சியைச் சொருகிவிட்டு, உறைந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கொரு தரம் கதவைத் திறந்து பார்க்கும். வந்தவர்கள் வைத்ததும் போய்விட மாட்டார்கள். மாமியாரைப் பற்றிக் கொஞ்சம், கம்பெனி போர்மேனைப் பற்றிக் கொஞ்சம் என்று பேசி முடித்துத்தான் எழுவார்கள். நம்ம வீட்டு பிரிட்ஜில் நம்ம சாமானுக்குத்தான் இடமில்லை என்று நூகு அலுத்துக்கொள்வார், ஆனால் மனசுக்குள் அவருக்குப் பெருமைதான்.

நூகு மவுத்தாகி மண்ணுக்குள் போய், மகன் ஃபரீத் துபாய்க்குப் போன பிறகும் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது என்றால் அது பிரிட்ஜின் புண்ணியம்.

பிறகு தவணைக்குச் சாமான் கொடுக்கும் கடைகள் வந்தன. தீபாவளி போனஸ் போட்ட கையோடு வருஷத்துக்கு ஒன்றிரண்டு புது பிரிட்ஜ் சந்துக்குள் இறங்கியது. வாங்கிய ஒவ்வொருத்தியும் மிட்டாயோடு வந்து, இனிமேல் உங்களுக்குத் தொந்தரவு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். சபியா சிரித்துக்கொண்டே மிட்டாயை வாங்கிக்கொண்டாள். தொந்தரவாம். அந்த ஒரு சொல்லுக்காக அவர்களை உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்கலாமா என்றிருந்தது. கடைசியாகப் பொன்மணியும் வாங்கினாள். அதற்கு மறுநாளிலிருந்து சபியாவின் கதவைத் தட்ட ஆளில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் எதிர்வீட்டுக்குப் போனாள். பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து அப்போதுதான் இறங்கி, பொன்மணி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈர முகத்தோடு நிமிர்ந்து, "என்னக்கா, என்ன விசயம்?" என்றாள்.

அதில் ஒரு தப்பும் இல்லை. தனியாக இருக்கும் மனுஷி விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து நின்றால் யாருமே பதறிப்போய் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் சபியாவிடம் விஷயம் எதுவும் இல்லை. கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டு ஒரு கொத்து வாங்கிக்கொண்டு திரும்பினாள். அவள் வீட்டுப் பின்பக்கமே கறிவேப்பிலை மரம் நின்றது. கொண்டுவந்த கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மரத்தடியிலேயே போட்டாள்.

அதற்குச் சில வாரம் கழித்து பிரீசரில் ஐஸ் மண்டி அதன் குட்டிக் கதவு மூட மறுத்தது. சபியா சுவிட்சை அணைத்தாள். கறிப் பொட்டலங்கள் இளகிவிடுமே என்று ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு பொன்மணி வீட்டுக்கு ஓடினாள். இந்த முறை கையில் விஷயம் இருந்தது. ஐஸ் உருக அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. சாயங்காலம் வரை அவள் அங்கேதான் இருந்தாள். வெங்காயம் உரித்துக் கொடுத்தாள், பொன்மணி மகளுக்குச் சடை பின்னிவிட்டாள், அவர்களோடு சாப்பிட்டாள். அன்று ராத்திரி நெடுநாள் கழித்து நன்றாகத் தூங்கினாள்.

அதிலிருந்துதான் வளர்க்கத் தொடங்கினாள். தண்ணீர்ப் பாத்திரங்களை மூடாமல் பிரிட்ஜுக்குள் வைத்தாள். கதவு ரப்பரின் கீழ்மூலையில் ஒரு துண்டுத் துணியை மடித்துச் செருகினாள். அந்த இடுக்கு வழியாக ஈரக்காற்று உள்ளே போய் ஐஸ் செழித்து வளர்ந்தது. தூக்கிக்கொண்டு போகக் கறியும் வேண்டுமே? ஒற்றை ஆளுக்கு வாரம் அரைக்கிலோ வாங்கி, நூகு விட்டுப்போன அச்சுப் பிசகிய தீப்பெட்டி லேபிள் தாள்களில் சின்னச் சின்னதாகப் பொட்டலம் கட்டி அடுக்கினாள். ஐஸே கட்டாத புது பிரிட்ஜ் வந்திருக்கிறது, பணம் அனுப்புகிறேன் என்று ஃபரீத் போனில் சொன்னபோது அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். இதுவே நல்லா ஓடுது என்று பேச்சை மாற்றினாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஆடி கழிந்த கையோடு நோன்பு வர இருந்தது. நோன்புக் கஞ்சிக்கென்று கூடுதலாகக் கறி வாங்கி வைத்திருந்தாள். ஐஸும் செங்கல் கனத்துக்கு வளர்ந்திருந்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சட்டியோடு எதிர்வீட்டுப் படியேறினாள். வீடு கழுவிவிட்டு ஈரமாகக் கிடந்தது. பொன்மணி நிலைப்படியிலேயே வந்து நின்றுகொண்டாள். அவள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது.

"யக்கா, இருக்கன்குடி கோயிலுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கேன். கறி உள்ள வரக் கூடாதுக்கா."

சபியாவுக்கு முகம் சுட்டது. தெரியாமப்போச்சே என்று சொல்லித் திரும்பினாள். அவளைவிடப் பொன்மணிக்குத்தான் சங்கடம் அதிகம். நீங்க போங்க, நான் பின்னாலேயே வாரேன், கறி கெடாமல் சீக்கிரமே ஐஸை எடுத்துவிடலாம் என்று சொல்லித் தைரியம் கொடுத்தாள்.

சொன்னபடி வந்தாள். கறியைத் தொடாமல் தள்ளி நின்றே வழி சொன்னாள். பொட்டலங்களை ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக அடுக்கி, சட்டியை மூடி, லேபிள் தாளைக் கத்தையாகச் சுற்றி, அதற்கு மேல் இரண்டு போர்வையையும் சபியா சுற்றினாள். கொதிக்கிற தண்ணீரை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, மடித்த துண்டின் மேல் பிரீசருக்குள் வைத்துப் பொன்மணி கதவைச் சாத்தினாள். டீ போடவா என்று சபியா கேட்டாள். விரதத்தில் கறி புழங்கும் வீட்டில் குடிக்கக் கூடாது என்று பொன்மணி மறுத்தாள். கேஸ் தீரப்போகிறது, அடுத்த தண்ணீர் காய நேரமாகும் என்று சபியா இழுத்துப் பார்த்தாள். பொன்மணி தன் வீட்டுக்கு ஓடி ஒரு பானை சுடுதண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். உதவி செய்ய வந்தவளை என்னவென்று தடுப்பது?

ஐஸ் ஓரத்தில் விரிசல் விட்டதும் சபியா கத்தியை எடுத்தாள். பொன்மணி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். கம்பெனியில் வெடிமருந்துப் பக்கம் இரும்பைக் கொண்டுபோகாமல் பழகியவள் பொன்மணி. கத்தி பட்டால் பிரீசரின் கேஸ் குழாய் ஓட்டையாகிவிடும் என்று சொல்லி மரக்கரண்டியால் நெம்பினாள். ஐஸ் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. பொட்டலங்களைத் திரும்ப அடுக்கும்போது ஒன்றுகூட இளகவில்லை, கல் மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓடவேண்டிய வேலை, அடுப்பில் வைத்த சோறு வேகும் முன்னே முடிந்துபோயிற்று.

"இம்புட்டுத்தான்க்கா" என்று பொன்மணி சந்தோஷமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கதவைத் துடைத்தவள் கீழ்மூலையில் நிறுத்தினாள். ரப்பருக்குள்ளிருந்து மடித்த துணியை உருவி எடுத்தாள்.

"இதாலதான் ஐஸ் கட்டுது. யாருக்கா வச்சது?"

எலி இழுத்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சபியாவுக்கு அன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"நான்தான் வச்சேன். ஐஸ் வளந்தாத்தானே ஒன் வீட்டுக்கு வரலாம்."

பொன்மணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "வரணும்னா வாங்கக்கா. அதுக்கு எதுக்கு ஐஸு?" என்றாள்.

"சும்மா வந்தா என்ன விசயம்னு கேப்பியே தாயி."

பொன்மணி கையிலிருந்த துணியைப் பார்த்தாள். தான் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். துணியைப் பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

சபியா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருக்கவே கூடாது. இனி எந்த முகத்தோடு அந்தப் படியேறுவது? அந்த வாரம் முழுவதும் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. துணியைக் குப்பையில் போட்டாள். பிரீசர் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது, அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்குச் சந்தில் பாதிப்பேர் இருக்கன்குடிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் பொன்மணி. மணிக்கட்டில் கயிறு இல்லை. கையில் மீன் இல்லை, மாவு இல்லை, பிரசாதம்கூட இல்லை.

"வா பொன்மணி. என்ன விசயம்?" என்று சபியாவின் வாய் கேட்டேவிட்டது. கேட்ட பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

பொன்மணி கறிவேப்பிலை கேட்கவில்லை. உள்ளே வந்து பிரிட்ஜுக்கு எதிரே தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"விசயம் ஒண்ணுமில்லக்கா. டீயப் போடுங்க."