வலது கார்புரேட்டர் என்னுடையது

போன வாரம் பெட்ரோல் பங்கில், டேங்க் நிரம்பிவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் குழாய் துள்ளியது. இடது கையில் மணிக்கட்டு வரைக்கும் பெட்ரோல். பங்கில் இருந்த பெண் "சாரி சார்" என்று ஒரு துணியைக் கொடுத்தாள். ஒன்றுமில்லாத விஷயம்தான். ஆனால் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒன்றுமில்லாத விஷயத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். எவனாவது பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால் கை என்ன ஆகும் என்று, வழியில் ஒவ்வொரு ஆளின் வாயையும் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

சோப்பு போட்டேன். சீயக்காய் போட்டேன். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தேன். மத்தியானம் மோர் டம்ளரைத் தூக்கினால் பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறுகிறது. எனக்கு அது கெட்ட வாசனை இல்லை. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கே அந்த வாசனைதான். அதோடு கொஞ்சம் அத்தர் வாசனையும் சேர்ந்திருக்கும்.

அத்தர் அமீதுடையது. பெட்ரோல் போகக் கழுவுவதெல்லாம் அவனுக்குப் பொறுமை கிடையாது. கையைத் துடைத்துவிட்டு, அதன் மேல் இரண்டு சொட்டு அத்தரைத் தேய்த்துக்கொள்வான். "இப்படியேவாடா பள்ளிவாசலுக்குப் போவ?" என்று கேட்டால், "பக்கத்துல உக்கார்றவரு நெருப்புப்பெட்டி எடுக்காத வரைக்கும் கவலையில்ல மச்சான்" என்பான்.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி அவன் வீடு. இரண்டு பேரும் தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் மெஷினில் நின்றோம். அவன் ஐ.டி.ஐ. முடித்தவன். நான் எட்டாவதோடு சரி. அப்பாவுக்கு மில் வேலை போன வருஷம் அது. ஒரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அப்புறம் ஒரு வாரம் போகவில்லை, அப்புறம் போகிற பழக்கமே விட்டுப்போயிற்று. யாரும் என்னை நிறுத்தவில்லை. நானாக நின்றேன் என்றும் சொல்ல முடியாது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் மகனோடு இருக்கப் பாரீஸுக்கே போய்விடுவது என்று முடிவானபோது, அவருடைய ரெட்டை சிலிண்டர் வண்டியை நானும் அமீதும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். அப்போதே பழைய வண்டி. இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர், இரண்டு கார்புரேட்டர்.

கார்புரேட்டர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சின்ன அடுப்படி அது. உள்ளே ஜெட் என்று ஒன்று இருக்கும். பித்தளையில் செய்த திருகு, நடுவில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகத்தான் பெட்ரோல் வரும். தூசி அடைத்தால் அந்தப் பக்கத்து சிலிண்டர் பட்டினி. அதை அடைக்கக் கடுகில் பாதி தூசி போதும்.

வாங்கிய முதல் வாரமே அமீது தீர்ப்பு சொல்லிவிட்டான். "வலது உன்னுது, இடது என்னுது. உன் சாமான என் பேசின்ல போடாத, என் சாமான நீ தொடாத." அவன் வீட்டில் பூப்போட்ட எனாமல் பேசின் ஒன்று இருந்தது. என்னுடையது நசுங்கின அலுமினியச் சட்டி. ஞாயிறு காலை தெருவில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம். கழற்றுவது, பெட்ரோலில் ஊறப்போடுவது, ஜெட்டை வாயில் வைத்து ஊதுவது. நாக்கெல்லாம் மரத்துப்போகும். அவன் ஒரு தரம் வெயிலில் தூக்கிப் பார்ப்பான், வெளிச்சம் தெரிந்ததா, மாட்டிவிடுவான். நான் பத்துத் தரம் பார்ப்பேன்.

"என்னாடா அது, உள்ள சினிமாவா ஓடுது?"

"வெளிச்சம் கொஞ்சம் கோணலா வருதுடா."

"உன் கண்ணு கோணல். மாட்டு."

ஆனால் சொல்கிறேன், அந்த வேலையில் நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை. மெக்கானிக் கடையில் தெரியாமல் விடுவதை என் கவலை கண்டுபிடித்துவிடும். காற்றுத் திருகை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறக்க வேண்டும் என்றால், நான் திறந்தது ஒன்றரைச் சுற்றுதானா என்று மூன்று முறை திறந்து மூடிப் பார்க்கிறவன். இன்றைக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வண்டியின் வலது கார்புரேட்டரைப் பிரித்து மாட்டிவிடுவேன். இடதைப் பற்றி எனக்குத் தெரியாது. அதில்தான் வந்தது வினை.

இரண்டையும் சமமாக்குவதற்குப் பெரிய கருவியெல்லாம் கிடையாது. வண்டியை ஓடவிட்டு ஆளுக்கொரு சைலன்சருக்குப் பின்னால் குந்தி, உள்ளங்கையை நீட்டுவோம். புகை தாளம் போட்டு அடிக்கும். இரண்டு கையிலும் ஒரே வேகத்தில் அடித்தால் வண்டி சரி. அதிலும் ஒரு சட்டம் இருந்தது. என் சைலன்சருக்கு அவன் கை, அவன் சைலன்சருக்கு என் கை. தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளக் கூடாதாம். "உன்னுது துப்புது." "உன்னுது தூங்குது." இப்படியே ஒரு மணி நேரம் ஓடும். எதிர்வீட்டு அம்மாள் கதவைச் சாத்திக்கொள்வார்.

மூன்றாவது வருஷம், தட்டாஞ்சாவடியிலேயே ஒரு பெரிய கம்பெனியில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு மட்டும். எனக்கு அதற்கு மனு போடக்கூட வழியில்லை. அமீதுக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. காலை ஒன்பது மணி. கார்டை அவன் என்னிடம்தான் முதலில் காட்டினான்.

முந்தின நாள் சாயங்காலம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அமீது வாசலில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "ஓடுற வண்டிய நோண்டாதடா" என்றான். நல்ல நாள் ஆயிற்றே, ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று என் கார்புரேட்டரைப் பிரித்து, கழுவி, துடைத்து மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

காலையில் அவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிறேன். பாதி வழியில் வண்டி இழுக்கவில்லை. இருமியது, திணறியது, நின்றது. உதைத்தேன், உதைத்தேன், கால் வலித்ததுதான் மிச்சம். ஆபீஸ் நேரம், பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டு நிற்கிறான். அமீது இறங்கி, வண்டிக்குப் பின்னால் ஒரு நிமிஷம் குனிந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

நான் பயத்தில் கத்தினேன். "உன் சைடுதான்டா! ஒழுங்கா கழுவினாத்தான!"

அவன் கார்டைச் சட்டைப் பையில் அழுத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தான். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடிவிட்டிருந்தார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக என் கார்புரேட்டரைப் பிரித்தேன். ஜெட்டின் ஓட்டையில் ஒரு நூல். நீல நூல். நான் துடைத்த பழைய லுங்கியுடையது. எங்கோ ஒட்டிக்கொண்டிருந்து, வழியில் நழுவி வந்து அடைத்திருக்கிறது. அதை விரலில் எடுத்து, ஊதிவிட்டு, மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தவறு செய்தவன் என்று பேர் வந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குக் கிடைக்காத வேலை இவனுக்கு மட்டும் எதற்கு என்று வேண்டுமென்றே செய்தேன் என்று அவன் நினைத்துவிட்டால்? அது போதாதென்று இன்னொரு கவலை: உண்மையிலேயே என் மனசில் அப்படி ஒன்று இருந்து, அதுதான் என் கையில் லுங்கியைக் கொடுத்ததா? கவலைப்படுகிறவனுக்கு வெளியே ஒரு நீதிமன்றம் தேவையில்லை.

அதற்குப் பிறகு பேச்சு நின்றது. ஆனால் வண்டி ஒன்றுதானே? ஒரு நாள் அவன் எடுப்பான், ஒரு நாள் நான். சாவி அவன் வீட்டு ஜன்னல் ஆணியில் தொங்கும், எடுப்போம், மாட்டுவோம். பஸ்ஸில் போகிற நாளில் வண்டி என்னைத் தாண்டிப் போகும். அவனுக்குப் பின்னால் சீட் காலியாக இருக்கும். மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு, மூடி எண்ணிக்கையைக் கூட சூப்பர்வைசர் மூலமாகத்தான் சொல்லிக்கொள்வோம். ஞாயிறுகளில் யாரும் எதையும் கழுவவில்லை. வண்டி கோணிக்கொண்டு ஓடியது.

மூன்று வாரம் தாங்கினேன். ஒரு ஞாயிறு, என் முறை வந்தபோது, வாய்தான் வரவில்லை, வேலையாகவாவது செய்வோம் என்று நினைத்தேன். அவனுடையதையும் சேர்த்து இரண்டையும் கழுவி, பளபளவென்று வைத்துவிட வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக இடது கார்புரேட்டரைத் திறந்தேன். இரண்டையும் என் அலுமினியச் சட்டியிலேயே ஊறப்போட்டேன்.

உள்ளே ஸ்லைடு என்று ஓர் உருளை உண்டு. ஆக்சிலேட்டரைத் திருகினால் மேலே ஏறி வழி திறக்கும், விட்டால் இறங்கி மூடும். இரண்டு ஸ்லைடும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் வெட்டு இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம், மாறிப்போனால் கீழே இறங்காது என்பது எனக்குத் தெரியாது. மூன்று வருஷமாக நான் ஒன்றைத்தானே பார்த்திருக்கிறேன்? ஜெட்டைப் பத்துத் தரம் வெயிலில் பார்த்தேன். ஸ்லைடை மாற்றி மாட்டினேன்.

ஒரே உதை. வண்டி அலறியது. ஸ்டார்ட் ஆனதும் எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போய்விட்டது. ஆக்சிலேட்டரை இறுக்கி மூடுகிறேன், குறையவில்லை. தெரு முழுக்கப் புகை. ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விட்டால் வண்டி ஓடிவிடும் என்று நினைப்பு, ஸ்டாண்டில் நிற்கிற வண்டி! எதிர்வீட்டு அம்மாள், "ஐயோ தம்பி, வெடிக்கப்போவுது, எறங்கி ஓடுடா!" என்று கத்துகிறார். நான் ஏறவே இல்லை.

அமீது ஓடி வந்தான். முகத்தில் பாதி சவரம், பாதி சோப்பு நுரை. நேராக வந்து சாவியைத் திருப்பினான். வண்டி நின்றது.

"சாவின்னு ஒண்ணு இருக்குதுடா" என்றான்.

மூன்று வாரத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பிறகு குனிந்து பார்த்தான். "என் சைடத் திறந்தியா?"

"ம்."

"எதுக்கு?"

அப்போதுதான் சொன்னேன். நூலைச் சொன்னேன், லுங்கியைச் சொன்னேன். வேணும்னு பண்ணலடா என்றும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. காதில் இன்னும் வண்டி அலறிக்கொண்டிருந்தது.

அவன் தோளில் கிடந்த துண்டால் நுரையைத் துடைத்தான். "எனக்கு அன்னிக்கே தெரியும். எறங்கினதும் ரெண்டு சைலன்சரையும் தொட்டுப் பாத்தேன். என்னுதுல கைய வைக்க முடியல, சுட்டுச்சி. உன்னுது ஜில்லுனு இருந்துச்சி."

எரிகிற சிலிண்டரின் சைலன்சர்தானே சுடும். இது எனக்கும் தெரிந்த பாடம்தான்; தொட்டுப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப ஏன்டா அங்கயே சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன். மூணு வாரமா பாத்துக்கினே இருக்கேன்."

"பொறாமையில பண்ணிட்டேன்னு நெனச்சியா?"

அவன் சிரித்தான். "வேணும்னு பண்றதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும் மச்சான். உன்கிட்ட அது எங்க இருக்குது?" பிறகு சிரிப்பு நின்றது. "வேலை போனது வயித்தெரிச்சல்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுல எனக்குக் கோவம் இல்ல. நடு ரோட்ல நின்னு என் சைடுன்னு கத்தின பாரு, அதுதான்டா."

நான் அலுமினியச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவன் வீட்டுக்குள் போனான். சரி, முடிந்தது, வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்று நான் நினைத்த நேரம், பாதிச் சவரத்தோடேயே திரும்பி வந்தான். கையில் எனாமல் பேசின்.

"என் சாமான எடுத்து இதுல போடு" என்றான்.

அன்று மத்தியானம் ஆளுக்கொரு சைலன்சருக்குப் பின்னால் குந்தினோம். அவன் புகை என் உள்ளங்கையில் டப்டப் என்று அடித்தது. அந்த வண்டி அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சமமாக ஓடியதில்லை.

அவனுக்கு அந்த நிரந்தர வேலை கிடைக்கவே இல்லை. பின்னால் சொந்தமாக ஒரு லேத் போட்டு, கருவடிக்குப்பத்தில் வீடு கட்டி, நன்றாகவே இருக்கிறான். கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனபோது ஆளுக்கொரு வண்டி வந்தது. ரெட்டை சிலிண்டரை பெங்களூர்க்காரர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிப்போனார்.

இப்போது கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்கிறோம். "வண்டி எப்படி ஓடுது?" என்பான். "நல்லா ஓடுதுடா, உன்னுது?" என்பேன். "அதுக்கென்ன." அதற்கு மேல் பேச்சு நகராது. என் வண்டி முழுக்க என்னுடையது, அவனுடையது முழுக்க அவனுடையது. இரண்டும் நின்றுபோவதே இல்லை. நின்றாலும், உன் சைடுதான்டா என்று கத்துவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.