செவ்வாய்க்கிழமைச் சுற்று

உங்களுக்கு எந்த ஊருக்குப் போகப் பிடிக்கும் என்று அந்த அம்மாள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபதுகளின் தொடக்கம் அது. திருவாடானைப் பக்கம் ஒரு தாய்சேய் நல விடுதியில் நான் நர்ஸாக இருந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க வேண்டும். போகச் சொன்ன ஊருக்குப் போவோம். பிடிக்குமா என்று அதுவரை ஒரு ஆளும் கேட்டதில்லை.

அவர் சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். வீட்டுக்கு வீடு போகும் எங்களைப் போன்றவர்கள் எந்த வழியில் போகிறோம், எங்கே நேரம் வீணாகிறது, எங்களுக்கு எது தோது என்று விசாரித்து, எங்கள் சுற்றை ஒழுங்குபண்ணித் தர வேண்டுமாம். நல்ல மனுஷி. வெயிலில் சளைக்காமல் நடந்தார். கேள்விதான் ஓயவே ஓயாது.

என்னோடு வேலை பார்த்த அக்கா விவரமானவள். கடற்கரை ஊர்கள்தான் பிடிக்கும் என்று சட்டென்று சொல்லிவிட்டாள். அங்கே பாய் விரித்து உட்காரச் சொல்வார்கள், மீன் ஆணமும் சோறும் கிடைக்கும் என்று காரணமும் சொன்னாள். அதையும் அந்த அம்மாள் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார். நான், எந்த ஊரானாலும் சரி, செவ்வாய்க்கிழமைதான் எனக்கு ஆகாது என்றேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு இரண்டு ஊர். காலை பஸ் கடற்கரையோரத்துக் காரங்காட்டுப் பக்கம் இறக்கிவிடும். அங்கே வேலையை முடித்துவிட்டுப் பொட்டல் வழியாக உள்ளே நடந்தால், உழவு பார்க்கும் சம்சாரிகள் ஊர் ஒன்று. அங்கிருந்து வீடு திரும்பும் பஸ் கிட்டத்தில் இருந்ததால் இந்த வரிசைதான் மேலிடத்து உத்தரவு. ஆனால் காரங்காட்டில் பாதி வாரங்கள் பிள்ளை பெற்ற வீடு ஒன்று இருக்கும். அதற்குள் போய்விட்டுக் குளிக்காமல் வந்தவளைச் சம்சாரிகள் ஊரில் வாசல் ஏற விடமாட்டார்கள். தீட்டு. வழியில் ஓர் ஊருணி உண்டு. ஆம்பிளைகள் மாடு கழுவுகிற ஊருணியில் நான் எப்படி இறங்குவது? குளித்துவிட்டேன் என்று ஒருமுறை பொய் சொல்லிப் பார்த்தேன். காய்ந்த தலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த ஊரில் ஒரு பெண்ணை நான் வாரம் தவறாமல் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கு முதல் இரண்டும் செத்துப் பிறந்தவை. மூன்றாவதை வயிற்றில் வைத்திருந்தாள், கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. அசட்டையாக விட்டால் பிள்ளையோடு அவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம். அவள் மாமியாரோ என்னைப் பாதி வாரங்கள் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி அம்மாள் இதை நம்பவில்லை. நடை குறைவு என்பதால் அவர் வரைந்த வழியிலும் காரங்காடுதான் முதலில் இருந்தது. கூடவே வந்து பாருங்கள் என்றேன். வந்தார்.

எங்களுக்கு முன்னாலேயே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் வாசலில் நின்றார்.

"பெத்த வீட்டுக்குப் போயிட்டுத்தானே வாரீக?"

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. வேப்பமரத்தடியில் கட்டில் போட்டார், மோர் கொடுத்தார். மருமகளை மட்டும் காட்டவில்லை. இந்த நர்ஸ் அங்கே எதையும் தொடவில்லையே என்று ஆராய்ச்சி அம்மாள் வாதாடிப் பார்த்தார். அதற்கு இன்னொரு செம்பு மோர் வந்தது. கதவிடுக்கில் அந்தப் பெண்ணின் வீங்கிய பாதம் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது, வரிசையை மாற்றினால் மறுபடி பொட்டலில் நடந்து காரங்காட்டுக்கு வர வேண்டுமே, இரட்டை நடை ஆகுமே என்று ஆராய்ச்சி அம்மாள் தயங்கினார்.

"நடை எனக்குப் பெரிசில்லைங்க. அந்த வாசலைத் தாண்டணும். அதுதான் எனக்கு வேணும்," என்றேன்.

அவர் மேலிடத்தில் சண்டை போட்டு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைக் காலையில் காரங்காட்டுப் பெண்கள், இங்கன வராமப் போறீகளே என்று கூப்பிடக் கூப்பிட, தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோவேன். மத்தியானம் வந்து வசவு வாங்கிக்கொள்வேன்.

சம்சாரிகள் ஊரில் வாசல் திறந்தது. அந்தப் பெண்ணின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தேன், சாப்பாட்டில் உப்பை நிறுத்தினேன், வேலை செய்யாமல் படுக்க வைத்தேன். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றதற்கு மட்டும் மாமியார் அசைந்து கொடுக்கவில்லை. நீங்கதான் வாரீகளே என்று சொல்லிவிட்டார்.

ஒரு செவ்வாய், காலையில் பார்த்தபோது அவளுக்கு வலி ஏதும் இல்லை. மத்தியானம் காரங்காட்டில் ஒரு பிரசவம். நஞ்சுக்கொடி விழுந்து, பிள்ளையைத் துடைத்துத் தாய்க்காரியிடம் கொடுத்த நேரம், வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. மாமியார் இறங்கி, யாரையும் கேட்காமல் அந்த வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். அந்த நேரத்தில் நான் அங்கேதான் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும். என் சேலையெல்லாம் ரத்தம். பழக்கதோஷத்தில், ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

"குளிக்கிறதெல்லாம் கெடக்கட்டும். வண்டியில ஏறு தாயி. அங்கன அது துடிச்சுக்கிட்டுக் கெடக்கு."

சோப்புப் போட்டுக் கையை மட்டும் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஏறினேன். பொட்டல் முழுக்க அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

பொழுது சாயும் நேரம் பிறந்தது. பெண். முதலில் சத்தமே இல்லை. வாயிலிருந்த சளியை எடுத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலில் சுண்டினேன். மறுபடி சுண்டினேன். வீறிட்டது. தாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

மாமியார் கதவோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை அழுகையை நிறுத்தியதும் அவர் முகம் மாறிப்போனது.

"இன்னொருக்கா அழ வை தாயி," என்றார். "இந்த வீட்டுல இந்தச் சத்தம் கேட்டதே இல்ல."