நாத்தனார் பேரில் சுருள் எழுத்து

பேத்தியின் கல்யாணப் பத்திரிகை அடிக்க, காரைக்காலில் ஓர் அச்சகத்துக்கு அவளோடு நானும் போனேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் போகவில்லை. எழுத்தைப் பார்க்க எனக்கென்ன வேலை என்று யாரும் கேட்கலாம். காரணம் சுரக்குடியில் இருக்கும் என் நாத்தனார். என் மகன் கல்யாணப் பத்திரிகையில் அவள் பேர் விட்டுப்போனது. அதுவரை நான் போடும் காபியைக் குறை சொல்லிக்கொண்டே குடித்தவள், கோபித்துக்கொண்டு போனபின் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை. இந்தத் தடவையும் சறுக்கினால், எங்கள் வயதுக்கு இனி சமாதானம் ஆக நேரம் கிடையாது.

பேத்தி கம்ப்யூட்டரில் ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பேனாவால் எழுதியதைப் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு எழுத்தின் வாலும் பக்கத்து எழுத்தின் இடுப்பைச் சுற்றியிருந்தது.

"யாரு கையெழுத்தும்மா இது? டாக்டரா?"

"ஒனக்கு ரசனையே இல்ல அப்பாயி."

அச்சகக்காரர் சிரித்தார். "பொண்ணு மாப்பிள்ள பேருக்கு மட்டும் இதப் போடுவோம். மத்ததெல்லாம் நேர் எழுத்துல இருக்கட்டும். எல்லாத்தையும் சுருட்டுனா வயசானவங்க மண்டபம் தெரியாம அலைவாங்க."

எனக்குத் திருப்தி. அச்சடிக்கும் முன்பே மாதிரித்தாளை வாங்கிக்கொண்டு சுரக்குடிக்கு பஸ் ஏறினேன். நாத்தனார் என்னை "வாங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல். தாளை நீட்டினேன். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தன் பேரைக் கண்டுபிடித்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஏன் அண்ணி, மேல அந்தப் புள்ள பேரு மல்லிக்கொடியாட்டம் இருக்கு. எம்பேரு மட்டும் ஏன் கரண்டு பில்லாட்டம் இருக்கு?"

"நீ படிக்கத் தோதா இருக்கட்டும்னுதான்."

"எம்பேர நான் எதுக்குப் படிக்கணும்? அதுதான் எனக்கே தெரியுமே! பாக்குறவங்களுக்கு அழகா இருக்க வேணாமா?"

தாளை மடித்து எடுத்துக்கொண்டு, பேத்தியோடு மறுபடி அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒருத்தங்க பேர மட்டும் சுருட்டுனா மத்த சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களாம்மா?"

"அப்ப எல்லாரு பேரையும் சுருட்டிடுங்க" என்றாள் பேத்தி. இதற்காகவே காத்திருந்தவள் போல அவ்வளவு வேகம். நாளும் நேரமும் மண்டபமும் மட்டும் நேராக நின்றன.

மூலையில் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைச் சுரக்குடிக்குக் கொண்டுபோனேன். நாத்தனார் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"எம்பேரு எங்க அண்ணி?"

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. இருப்பதிலேயே அதிகம் சுருண்டிருந்த வரியில் தயங்காமல் விரலை வைத்தேன். அது யார் பேரோ, அச்சகக்காரருக்குத்தான் வெளிச்சம்.

அவள் அந்த வரியை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"மொத நாளே வந்துடுறேன் அண்ணி" என்றாள். "ஆனா ஒண்ணு, காபிய மட்டும் நீங்க போடாதீங்க."